தீர்த்தம் நிற்காத சிவப்பு மாருதி

சேசு மரி சூசை

போடிமெட்டு, மேலத்தோட்டம்
பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மருமகள் டின்சிக்கு,

மாமியார் சிசிலி பாஸ்கல் ஆசீரோடு எழுதிக்கொள்வது. சர்வேசுரன் கிருபையால் இங்கே நான் சுகம், ரோஜாச் செடிகள் சுகம், இரத்த அழுத்தம் டாக்டர் கோடு போட்ட இடத்துக்குள் நிற்கிறது. கொச்சியில் நீயும் ஷிஜுவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஷிஜு போனில் கத்திய கத்தலை வைத்துப் பார்த்தால் அவனுடைய நுரையீரலாவது நல்ல சுகத்தில் இருக்கிறது. பாங்க் வேலைக்கு நடுவே உனக்கு நீண்ட கடிதம் படிக்க நேரம் இருக்காது என்று தெரியும். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் படி. பாதியில் நிறுத்தாதே.

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். செபஸ்தியார் திருநாள் அன்று நான் என் காருக்கு முன்னால் முழந்தாளிட்டுக் கும்பிட்டேன் என்று சொல்கிறார்கள். அதை ஜீப் டிரைவர் தனபால் தன் வண்டியின் மேல் ஏறி நின்று போனில் படம் பிடித்ததாகவும், அது பூப்பாறை, போடி எல்லாம் சுற்றிவிட்டு உங்கள் இருவர் கைக்கும் வந்து சேர்ந்ததாகவும் அறிகிறேன். படம் உண்மை. அதற்குச் சொல்லும் அர்த்தம் பொய். நான் குனிந்தேன், முழந்தாள் தரையில் படவில்லை. கைகளை நீட்டியது கும்பிட அல்ல, ஒரு சொட்டுத் தண்ணீரைப் பிடிக்க. அந்தச் சொட்டை ஏன் பிடிக்க வேண்டி வந்தது என்பதுதான் இந்தக் கடிதம். மற்றபடி நான் காருக்குத் தேங்காயெண்ணெய் பூசவில்லை, இன்பமேரியைப் படியிலிருந்து தள்ளவில்லை, பங்குச் சாமியாரைக் கோயில் முற்றத்தில் வைத்து எதிர்த்துப் பேசவில்லை. கடைசியாகச் சொன்னதில் மட்டும் கொஞ்சம் உண்மை உண்டு. அது அதன் இடத்தில் வரும்.

இதை ஷிஜுவுக்கு எழுதாமல் உனக்கு எழுதக் காரணம் இருக்கிறது. படத்தைப் பார்த்த கையோடு அவன் போன் செய்தான். “மம்மி, மாசக் கடைசியில நான் வர்றேன். சாவிய எடுத்து வைங்க, வண்டியக் குடுத்துரலாம்” என்றான். யாருக்கு என்று கேட்டேன். “யாருக்காச்சும்” என்றான். அப்போது நான் கோயிலுக்கு எப்படிப் போவது என்று கேட்டேன். “தனபால் அண்ணன் ஜீப்புல போங்க. இல்லன்னா இங்கேயே வந்துருங்க மம்மி, இங்க லிஃப்ட் இருக்கு” என்றான். லிஃப்ட் இருக்கிறதே என்பதற்காக ஒரு மனுஷி வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவாளா? உன் மாமனார் தேயிலை ஃபாக்டரியில் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றபோது வாங்கிய கார் அது. இருந்தவரை அவர் அதை ஒரு நாளும் ஓட்டியதில்லை. நான் ஓட்டுவேன், அவர் இடது பக்கம் உட்கார்ந்து வளைவுக்கு ஓர் அருள்நிறை மரியே சொல்லுவார். வளைவு என்றாலே வாந்தி எடுக்கிறவன், மலைப்பாதையில் மெட்டு ஏறும்போது பின் சீட்டில் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு படுத்து வருகிறவன், என்னிடம் சாவி கேட்கிறான். நீ சொன்னால் அவன் கேட்பான். அதனால் உனக்கு எழுதுகிறேன். அதோடு, இத்தனை வம்புக்கும் காரணமான அந்த பாட்டிலை இந்த வீட்டுக்குள் கொண்டுவந்தவள் நீ.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது அதைப் பொன்னிறக் காகிதத்தில் சுற்றி, ஷிஜுவுக்குத் தெரியாமல், அடுக்களையில் வைத்துக் கொடுத்தாய். சேலை என்று நினைத்தேன். குலுக்கினால் சளசளவென்று சத்தம் கேட்டது. “கார் பெயின்ட்டுக்கு அடிக்கிற ஸ்ப்ரே சீலன்ட் அத்தை. பெயின்ட்டு மேல கண்ணுக்குத் தெரியாம ஒரு படலம் நிக்கும். தண்ணி, தூசி, வெயில் ஒண்ணும் உள்ள எறங்காது. ரொம்ப ஈஸி. அடிக்கணும், துடைக்கணும், அவ்வளவுதான். சின்னப் பிள்ளகூட செய்யும்” என்றாய். சின்னப் பிள்ளை செய்கிற வேலை என்று என்னிடம் சொன்னதற்கு அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், அது எனக்குப் பிடிக்கவில்லை. நான் இத்தனை வருடமும் டப்பா மெழுகு போட்டவள். மெழுகு என்றால் காலையில் ஆரம்பித்து, வட்டம் வட்டமாகத் தேய்த்து, வெள்ளையாகப் பூத்ததும் துணி மாற்றித் துடைத்து முடிக்கும்போது தோள்பட்டை யாரோ இன்னொருத்தியுடையது போல ஆகிவிடும். அப்படி வருகிற பளபளப்பின் மேல் எனக்கு ஒரு மரியாதை. விசிறி அடித்து வருகிற பளபளப்பை நான் நம்பவில்லை. ஆனாலும் மருமகள் ஆசையாகக் கொடுத்ததை அலமாரியில் தூங்க விடுவது நல்ல பழக்கமல்ல என்பதால், திருநாளுக்கு முந்தின நாள் எடுத்தேன்.

எதையும் தொடுவதற்கு முன்னால் அதில் அச்சடித்திருப்பதைக் கடைசி வரி வரை படி என்று கான்வென்டில் மதர் எங்களைப் பழக்கியிருக்கிறார்கள். படித்தேன். எறும்பு அளவு எழுத்து, ஆனாலும் படித்தேன். நன்றாகக் கழுவி, காயவைத்து, பெயின்ட் சூடாக இல்லாதபோது, நிழலில், ஒரு நேரத்தில் ஒரு பகுதியில் மட்டும், கொஞ்சமாக அடித்து, மைக்ரோஃபைபர் துணியால் பரப்பி, அது காய்ந்துபோகும் முன்னே இன்னோர் உலர்ந்த துணியால் துடைத்தெடுக்க வேண்டும். இதைத்தான் நீ ‘அவ்வளவுதான்’ என்றாய். நிழலுக்காகக் காரை முன்வாசல் சிட்அவுட்டை ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்தினேன். முதல் அமுக்கிலேயே, குழாயின் வாய் என் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது தெரிய வந்தது. பாதி என் மூக்குக் கண்ணாடியில், பாதி ரவிக்கையில். வாழைப்பழ மிட்டாய் வாசனை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து அதில் ஒரு மழைத்துளி நிற்பதில்லை. உன் சாமானுக்கு நான் போட்ட முதல் மதிப்பெண் அது. பெட்டிக்குள் துணி ஒன்றுதான் இருந்தது, இரண்டாவது துணிக்கு வீடெல்லாம் தேடியதில் ஷிஜு உறுதிபூசுதல் பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டை கிடைத்தது. முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மைச் சட்டை என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். புதுநன்மைச் சட்டை பாச்சை உருண்டை போட்டுப் பத்திரமாக இருக்கிறது என்று அவனிடம் சொல். ஆனால் நான் உண்மையைச் சொல்கிறவள். துடைத்து நிமிர்ந்தபோது பானெட்டில் எதிர்ச்சரிவுச் சில்வர் ஓக் மரங்கள் இலை இலையாகத் தலைகீழாகத் தெரிந்தன. தோள்பட்டை என்னுடையதாகவே இருந்தது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒரு தம்ளர் பால் விடாத கட்டன் சாயாவோடு காருக்கு எதிரே உட்கார்ந்துவிட்டேன்.

அச்சடித்ததில் இல்லாத ஒன்று என்னவென்றால், அடிக்கிற ஸ்ப்ரே எல்லாம் காரின் மேல் மட்டும் விழுவதில்லை. காற்றில் கொஞ்சம் சிட்அவுட்டின் சிவப்புச் சிமென்ட்டுத் தரையிலும் படிந்திருக்கிறது. எனக்கு அது தெரியாது. இன்பமேரி உனக்குத் தெரிந்தவள்தான். நம் தெரு ஜெபக்குழுவான அன்பியத்தின் தலைவி, பக்கத்து வீட்டுக்காரி, என்னோடு காலமெல்லாம் சண்டை போட்டுக்கொண்டே ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு என் காரிலேயே வருகிறவள். திருநாள் நோட்டீஸைக் கொடுக்க வந்தவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினாள். அதற்குப் பிறகு அவள் நடக்கவில்லை. நோட்டீஸை நீட்டிய கையோடு, முகத்தில் சிரிப்பு மாறாமல், சிட்அவுட்டின் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை வழுக்கிக்கொண்டே போய், ரோஜாத் தொட்டிகளுக்கு நடுவில் சம்மணம் போட்டது போல உட்கார்ந்தாள். “அடியே சிசிலி, தரையில என்னத்தடி ஊத்தி வச்சிருக்க? எண்ணெயா?” என்று கேட்டாள். “எண்ணெய் இல்ல, சீலன்ட்டு” என்றேன். “சீலோ கீலோ, எந்திரிக்க முடியலடி, இடுப்பு போச்சு!” நான் கை கொடுத்தேன். கை கொடுக்கப் போன நானும் பாதி தூரம் வழுக்கினேன் என்பதை அவள் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. தள்ளிவிட்டேன் என்பதை மட்டும் சொன்னாள்.

இனித் திருநாள். வாகனம் மந்திரிக்கும் வழக்கத்தை நீ இன்னும் பார்த்ததில்லை. திருப்பலி முடிந்ததும் தோட்டத்து ஜீப்புகள், ஆட்டோக்கள், ஸ்கூட்டர்கள் எல்லாம் கோயில் முற்றத்தில் வரிசையாக நிற்கும். சாமியார் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளிப்பார். தெளித்த ஈரத்தை வண்டிக்காரர் பானெட்டில் விரலால் தொட்டு நெற்றியில் சிலுவை வரைவார்; பிறகு அந்த வண்டியில் ஏறுகிறவர்கள் எல்லாரும் ஒவ்வொருவராக வந்து தொட்டு வரைவார்கள். ஈரம் தொடாமல் அந்த வருடம் யாரும் அந்த வண்டியில் ஏறுவதில்லை. எந்தப் புத்தகத்திலும் இல்லாத வழக்கம், ஆனால் நம் பங்கில் இதை மீறியவர் கிடையாது. அன்று நான் முதல் ஆளாகப் போய் முதல் இடத்தில் நிறுத்தினேன். வெயில் எழும்பியதும் கார் ஆப்பிள் போலச் சிவந்து மின்னியது. இன்பமேரி நொண்டிக்கொண்டு வந்து என் கதவில் முகம் பார்த்து முக்காட்டைச் சரி செய்துகொண்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது. பெருமை பாவம்தான். அதற்குத் தண்டனை சுறுசுறுப்பாக வந்தது.

புதுச் சாமியார் ஃபாதர் இஞ்ஞாசி முதலமடைக்காரர், மாந்தோப்புக்காரர் வீட்டுப் பிள்ளை. நல்ல குரல், நல்ல பொறுமை. ஜெபம் சொன்னார். தீர்த்தம் தெளித்தார். டின்சி, அந்தத் தீர்த்தம் என் பானெட்டில் விழுந்ததும் முத்து முத்தாக உருண்டு திரண்டு, ஒரு முத்து இன்னொன்றைப் பிடித்துக்கொண்டு, சறுக்குமரத்தில் பிள்ளைகள் இறங்குவது போல வரிசையாக இறங்கித் தரையில் விழுந்துவிட்டது. பானெட் காய்ந்து கிடந்தது. நான் நீட்டிய விரலுக்கு அங்கே தொட ஒன்றும் இல்லை. ஃபாதர் மறுபடி தெளித்தார். மறுபடி உருண்டது. பக்கத்தில் தனபாலின் ஜீப்பில் விழுந்த தீர்த்தம் செம்மண்ணோடு குழைந்து அழகாகக் கறை கறையாக நின்றது. அவன் வீட்டார் ஏழெட்டுப் பேர் தொட்டு வரைந்து நெற்றியெல்லாம் சேறாக நின்றார்கள். ஃபாதர் தீர்த்தச் செம்பை அப்படியே சாய்த்தார். அதுவும் போயிற்று. முற்றத்தில் பேச்சு நின்றுவிட்டது. அந்த அமைதியில் இன்பமேரியின் குரல் மட்டும், “மாதாவே, வண்டி தீர்த்தத்தத் துப்பிருச்சே!” என்று கேட்டது.

ஃபாதர் என் பக்கம் குனிந்து, “ஏனுங்கம்மா, வண்டி மேல என்னங்க தடவி வச்சிருக்கறீங்க?” என்று கேட்டார்.

“சீலன்ட் ஃபாதர். பெயின்ட்டக் காப்பாத்துறதுக்கு.”

“எதுல இருந்துங்க?”

“தூசி, வெயில், பறவை எச்சம், தண்ணி...” என்று சொல்லிவிட்டு நிறுத்தினேன்.

“தீர்த்தத்துல இருந்தும் காப்பாத்துது!” என்றாள் இன்பமேரி.

இந்த இடத்தில்தான் நான் பேசினேன். எதிர்த்துப் பேசவில்லை, விளக்கிப் பேசினேன். ஆசீர்வாதம் ஜெபத்தில் இருக்கிறது, ஈரத்தில் இல்லை என்றேன். ஞானஸ்நானத்தில் பிள்ளையின் தலையில் ஊற்றுகிற தண்ணீரும் வழிந்துதான் போகிறது, தலை அதை உறிஞ்சிற்றா என்று யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை என்றேன். ஃபாதர் தலையாட்டினார். அதோடு முடிந்திருக்கும். இன்பமேரி விடவில்லை. “பிள்ளைக்கு பாலிஷ் போட்டுத் தூக்கிட்டு வர்றதில்லையே சிசிலி” என்றாள். முற்றம் சிரித்தது. எனக்குக் காது சுட்டது. வழக்கப்படி ஈரம் தொட்டே தீருவது என்று முடிவு செய்து, பம்பர் ஓரத்தில் கடைசியாக ஊசலாடிக்கொண்டிருந்த ஒரு சொட்டைப் பிடிக்கக் குனிந்தேன். அது நம்பர் பிளேட்டுக்குத் தாவியது. நானும் இரண்டு கையையும் குவித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். நீங்கள் படத்தில் பார்த்தது அந்தக் கணம். சொட்டு என் கையில் விழவில்லை, செருப்பில் விழுந்தது. செருப்பைத் தொட்டு நெற்றியில் சிலுவை வரைய என் வளர்ப்பு இடம் கொடுக்கவில்லை. ஃபாதருக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். கார்க் கதவைத் திறந்து ஸ்டியரிங்கிலும் பின் சீட்டிலும் மிச்சத் தீர்த்தத்தை எல்லாம் கொட்டினார். பிறகு திரும்பி என் தலையிலும் தெளித்தார். “ஃபாதர், நான் வண்டிக்குத்தான் கேட்டேன்” என்றேன். “வண்டி என்னங்கம்மா செய்யும்? ஓட்டறவங்களுக்குத்தானுங்க ஆசீர்வாதம் வேணும்” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனாலும் அதை நான் மனதில் வைத்துக்கொண்டேன்.

மறு ஞாயிற்றுக்கிழமை வழக்கம் போலக் காரை எடுத்துக்கொண்டு தோட்டத் தொழிலாளர் லயத்து முக்கில் நின்று ஹாரன் அடித்தேன். என் பின் சீட்டில் எப்போதும் மூன்று பேர் ஏறுவார்கள் என்று உனக்குத் தெரியும். மூவரும் என் வயதுக்காரிகள், இன்பமேரி நடுவில். யாரும் வரவில்லை. தனபாலின் ஜீப் கடந்து போனது. அதன் பின்னால் மூவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், தேயிலைச் செடியை முதல் முறை பார்க்கிறவர்கள் போல இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு போனார்கள். நான் தனியாக ஓட்டிக்கொண்டு போனேன். கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தால் வெறும் சீட்டு. அன்று மத்தியானம் சீலன்ட்டை எடுத்துவிடுவது என்று பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டேன், எலுமிச்சையைப் போட்டேன், அடுப்புச் சாம்பலைக்கூடப் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. நீ வாங்கியது நல்ல சாமான்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நல்ல சாமான் என்பது எனக்கு அப்போது ஆறுதலாக இல்லை. அன்று சாயங்காலம்தான் ஷிஜுவின் போன் வந்தது. நான் ஏன் அவனிடம் அப்படிக் கடுப்பாகப் பேசினேன் என்று அவன் உன்னிடம் கேட்டிருந்தால், காரணம் இதுதான்.

அடுத்த நாள் காலையில் இன்பமேரியின் வீட்டு ஜன்னல் திறந்தது. “சிசிலி! போடிக்கு வருவியா? இடுப்ப எக்ஸ்ரே எடுக்கணுமாம். அந்த ஜீப்புல போனா மிச்ச எலும்பும் போயிரும்” என்றாள். “என் வண்டி தீர்த்தத்தத் துப்புற வண்டியாச்சே” என்றேன். “அது நீயும் அதுவும் பேசிக்கிடுங்க. எனக்கு இடுப்பு வலிக்குது” என்றாள். வந்தாள். காரைச் சுற்றி ஒரு தரம் பார்த்தாள், தனக்குத் தானே பெரிதாக ஒரு சிலுவை போட்டுக்கொண்டாள், பின் சீட்டில் மெதுவாக உட்கார்ந்தாள், உட்கார்ந்த வேகத்தில் எழும்பினாள். “அடியே! ஈரம்டி!” ஃபாதர் உள்ளே கொட்டிய தீர்த்தம் சீட்டுப் பஞ்சுக்குள் இறங்கி, இந்த மலைக் குளிரில் இன்னும் காயாமல் இருந்திருக்கிறது. சீட்டுக்குத்தான் நான் சீலன்ட் அடிக்கவில்லையே. இன்பமேரி சீட்டை அமுக்கி விரலை நனைத்து நெற்றியில் வரைந்தாள், நெஞ்சில் வரைந்தாள், போகிற போக்கில் இடுப்பிலும் ஒன்று வரைந்தாள். “வெளிய நிக்காட்டி என்னடி, உள்ள போயிருச்சு” என்றாள். அதை அவள் கண்டுபிடித்தது போலவே சொன்னாள். நான் சாவியைத் திருகினேன்.

மெட்டைத் தாண்டியதும் தூறல் பிடித்தது. கார் ஓட ஓடத் தண்ணீர் கண்ணாடிக்கு வரும் முன்பே பானெட்டிலிருந்து சிதறிப் பறந்தது. இன்பமேரி முன் சீட்டுகளுக்கு நடுவே தலையை நீட்டி அதையே வேடிக்கை பார்த்தாள். “இந்த மருந்துல கொஞ்சம் மிச்சம் இருக்கா? என் மூட்டுல அடிச்சா வாதநீர் எறங்காம இருக்கும்ல?” என்றாள். நீ கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது என்னைப் போடிக்குக் கூட்டிப் போன அன்று இறக்கம் முழுக்க பிரேக்கை மிதித்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு பள்ளிக்கூட மணி போல ஹாரன் அடித்துக்கொண்டு போனாயே, அப்படி அல்ல. நான் இரண்டாவது கியரில், பிரேக்கை அதிகம் தொடாமல் இறங்கினேன். எக்ஸ்ரேயில் எலும்புக்கு ஒன்றும் இல்லை, தசைப்பிடிப்புதான். திரும்பி வந்ததும் இன்பமேரி ஊரைக் கூட்டிச் சொன்னாள். நேற்று முன்தினம், ஞாயிற்றுக்கிழமை, லயத்து முக்கில் மூன்று பேரும் எனக்கு முன்னால் வந்து காத்திருந்தார்கள். ஒவ்வொருத்தியும் கதவைத் திறந்து, சீட்டை அமுக்கி, ஈரம் வரும் வரை விடாமல் அமுக்கி, சிலுவை போட்டுக்கொண்டு ஏறினார்கள். பூசைக்குப் பிந்திவிட்டோம். ஃபாதர் பிரசங்கத்தில் நின்றபடியே எங்களைப் பார்த்தார், பிறகு பிரசங்கத்தைத் தொடர்ந்தார்.

ஆகவே ஷிஜுவிடம் சொல். அவன் அம்மாவுக்குப் புத்தி பிசகவில்லை, காரைக் கும்பிடுகிற வியாதியும் இல்லை. என் கண் நன்றாக இருக்கிறது, கை நன்றாக இருக்கிறது, கார் முன்னைவிட நன்றாக இருக்கிறது. மாசக் கடைசியில் அவன் வரட்டும், ஏலக்காய் போட்டுக் கறி வைத்துக் கொடுக்கிறேன், காரை வாங்க ஆள் யாரையும் கூட்டிக்கொண்டு வர வேண்டாம். சாவி என்னிடம் இருக்கிறது, என்னிடமே இருக்கும். யார் கேட்டாலும் தரமாட்டேன். நீயும் இனி இந்த மாதிரி சாமான் வாங்கிக் கொடுக்காதே. எனக்கு டப்பா மெழுகு போதும்.

உன் அம்மாவுக்கு என் தோத்திரம் சொல். செபஸ்தியார் உங்கள் இருவர் மேலும் கண் வைக்கட்டும், தேவமாதா உன் வேலையிலும் வீட்டிலும் கூட இருக்கட்டும், பாங்க்கில் உன்னை அடிக்கடி இடம் மாற்றாமல் இருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் மாமியார்,
சிசிலி பாஸ்கல்

பி.கு. இதை மடித்து உறையில் வைத்துவிட்டுத் திரும்ப எடுத்தேன். மேலே எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

போடியிலிருந்து திரும்பி ஏறும்போது, மேலே இருந்து மூன்றாவது வளைவில், எதிரே வந்த பஸ்ஸை நான் பார்க்கவில்லை. மூடுபனி இல்லை, மழை விட்டிருந்தது, நல்ல வெளிச்சம். ஆனாலும் பார்க்கவில்லை. ஹாரன் கேட்டுத்தான் மிதித்தேன். பஸ்ஸின் முகப்பு என் கதவுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. இன்பமேரி பின்னால் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள், அவளுக்குத் தெரியாது. யாரும் படம் பிடிக்கவில்லை. டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டி, “மெல்லப் போங்க அம்மாச்சி, அவசரம் ஒண்ணும் இல்ல” என்றான். திட்டியிருந்தால் தேவலை. திட்டாமல், கையைக் காட்டி, பஸ்ஸைப் பின்னால் எடுத்து, எனக்கு வழி விட்டான். இத்தனை வருடத்தில் இந்த மலையில் எனக்கு யாரும் அப்படி வழி விட்டதில்லை. விட வேண்டி வந்ததில்லை. வீட்டுக்கு வந்து வெகு நேரம் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

அதனால் சாவியைத் தருகிறேன். ஷிஜுவுக்கு அல்ல, உனக்கு. விற்பதற்கு அல்ல, ஓட்டுவதற்கு. மாதத்தில் ஒரு சனிக்கிழமை நீ வா. மருந்து வாங்க, இன்பமேரியின் இடுப்பைக் காட்ட, போடிக்குப் போக வேண்டியதெல்லாம் அன்று போவோம். லயத்து முக்கிலிருந்து கோயில் வரைக்கும் நேர் வழி, அது என்னுடையது, அதை விட்டுத்தர மாட்டேன். மெட்டு இறங்கும் வளைவெல்லாம் இனி உன்னுடையது. உன் பிரேக்கைப் பற்றி மேலே எழுதியது மாமியார் என்கிற முறைக்காக எழுதியது. நீ நன்றாகத்தான் ஓட்டுகிறாய், வளைவில் ஹாரன் அடிப்பதும் சரிதான். நான் இடது பக்கம் உட்காருவேன். வளைவில் பேச மாட்டேன். நேர் ரோட்டில் பேசாமல் இருப்பேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது.

வரும்போது அந்த ஸ்ப்ரேயில் இன்னொரு பாட்டில் கொண்டு வா. ஃபாதர் தன் ஸ்கூட்டருக்குக் கேட்கிறார். திருநாளுக்கு முன்னால் அடிக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார்.

வருவாயா மாட்டாயா என்பதைப் போனில் சொல்லாதே. போனில் சொன்னால் ஷிஜு பக்கத்திலிருந்து வாங்கிப் பேசுவான், எனக்கும் குரல் சரியாக இருக்காது. தாளில் எழுதி, தபாலில் அனுப்பு. ஒரு வரி போதும்.